ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர்தான் ஜெராக்ஸ் கடை. பான் கார்டு ஃபாரம், ரேஷன் கார்டில் பிள்ளையின் பேர் சேர்ப்பது, வேலை தேடும் பையன்களுக்கு பயோடேட்டா, திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் என்று தெருவில் யாருக்கு என்ன தேவையோ எல்லாம் இங்கே நடக்கும். மூன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. அதனால் யார் வீட்டு லேப்டாப் மக்கர் செய்தாலும் முதலில் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

போன ஜூலையில் ஒரு மழை நாள். எங்கள் சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா, மகனின் லேப்டாப்பை மாவு கட்டுகிற பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்து வந்தார். "தங்கச்சி, இதுல வைரஸ் பூந்துட்டுதாம். 'ஃபார்மேட் மார்னா படேகா'ங்கான் கடைக்காரன். 1,800 ரூவா கேக்கான். புள்ளையோட காலேஜ் ப்ராஜெக்ட் பூரா இதுலதான் கெடக்கு" என்றார். ஃபார்மேட் போட்டே ஆக வேண்டும் என்பதுதான் கடைக்காரர் சொன்ன இந்தி. உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் ஃபார்மேட்.

திறந்து பார்த்தேன். திரையின் வலது பக்கம் கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி எழும்பியது: உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள், உடனே சுத்தம் செய்யுங்கள். மூடினேன். மூடின கையை எடுப்பதற்குள் அடுத்தது. ஒரு நிமிஷத்தில் நான்கு வந்தன. ஆனால் பெட்டியைக் கிட்டே போய்ப் பார்த்தால், சின்னச் சாம்பல் நிற எழுத்தில் கூகுள் குரோம் என்று இருந்தது. அதன் பக்கத்திலேயே கேள்விப்படாத ஒரு வெப்சைட்டின் பேர். உண்மையான ஆன்டிவைரஸ் எச்சரிக்கை குரோம் வழியாக ஏதோ ஒரு வெப்சைட்டின் பேரில் வர வேலையே இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"இது வைரஸ் இல்லைக்கா. எவனோ அனுமதி கேட்டிருக்கான், வீட்டுல யாரோ சரின்னு சொல்லிட்டாங்க. சொன்ன சரியைத் திருப்பி வாங்கிட்டாப் போதும்" என்றேன். மூன்று நிமிஷ வேலை. அக்காவுக்கு அந்த 1,800 ரூபாய் ஒரு வார மாவு லாபம். ப்ராஜெக்ட் போயிருந்தால் பையனுக்கு ஒரு செமஸ்டரே போயிருக்கும்.

இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான். என் கடைக்கு வருகிற இந்த மாதிரிக் கேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மேட் தேவையே இல்லை. நாமோ, வீட்டில் இன்னொருவரோ தெரியாமல் கொடுத்த அனுமதி ஒன்று எங்கோ உட்கார்ந்திருக்கும். அது எந்தெந்த இடத்தில் உட்காரும் என்று தெரிந்துவிட்டால் நீங்களே தேடிப் பிடித்துவிடலாம்.

முதலில் இவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் எங்கே தேடுவது என்பதும் புரியும். ஆட்வேர் என்பது விளம்பரம் காட்டிக் காசு பார்க்கும் சாஃப்ட்வேர். பிரவுசர் ஹைஜாக்கர் என்பது உங்கள் பிரவுசரின் முதல் பக்கத்தையும் தேடுபொறியையும் தன் வழிக்கு மாற்றிவிடுவது. நீங்கள் எதைத் தேடினாலும் அது முதலில் அவர்கள் வெப்சைட் வழியாகப் போய், அப்புறம்தான் வேறொரு தேடுபொறியில் போய் நிற்கும். வழியில் அவர்களுக்குக் கமிஷன். ஒரு தேடலுக்குச் சில்லறைதான் கிடைக்கும், ஆனால் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்துகொண்டால் பெரிய வியாபாரம். 2017-ல் ஃபயர்பால் என்ற ஒரு ஹைஜாக்கரைப் பற்றி செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர், அதில் இந்தியாவில் மட்டும் 2.5 கோடிக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆனால் அது பரவிய விதத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர்களோடு சேர்ந்தே உள்ளே வந்திருந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

அக்காவின் லேப்டாப்பில் வந்தது போல மூலையில் பெட்டி பெட்டியாக வந்தால் அது நோட்டிஃபிகேஷன், அதாவது நம்மிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வெப்சைட் அனுப்பும் அறிவிப்பு. குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதை அழுத்தி செட்டிங்ஸ் போங்கள். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அக்காவின் லேப்டாப்பில் 11 பேர் இருந்தது. அதில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெயில் சர்வீஸ்தான். மீதி பத்தும் எழுத்தை வாரி இறைத்த மாதிரிப் பேர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி பிளாக் கொடுத்தேன். பெட்டிகள் அதோடு நின்றன. அதே பக்கத்தில் மேலே, எந்த சைட்டும் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று வைக்க ஒரு வழி இருக்கிறது. அதையும் போட்டுவிடுங்கள். எட்ஜ், ஃபயர்பாக்ஸ் என்றால் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும் தேடல் கட்டத்தில் நோட்டிஃபிகேஷன் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், அந்த இடம் வந்துவிடும். போனில் உள்ள குரோமிலும் இதே சமாச்சாரம்தான், அங்கேயும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இந்தப் பத்து பேர் எப்படி உள்ளே வந்தார்கள்? பையனைக் கேட்டேன். ஓசியில் கிரிக்கெட் காட்டும் ஒரு சைட்டில், நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ பட்டனை அழுத்துங்கள் என்று வந்திருக்கிறது. அழுத்தியிருக்கிறான். நீங்கள் மனிதரா என்று சோதிப்பதற்கும் நோட்டிஃபிகேஷன் அலோவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் சைட் ஏமாற்று சைட்தான். சந்தேகமே வேண்டாம்.

இதோடு நின்றால் நல்லது. நிற்காத கேஸ் ஒன்று என் கடையிலேயே நடந்தது.

ஒரு வாடிக்கையாளரின் பயோடேட்டாவை பிடிஎஃப்பிலிருந்து வேர்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கடையில் இருந்த பையன் கன்வெர்ட்டர் என்று தேடி, மேலே வந்த முதல் விளம்பரத்தை அழுத்தி, வந்ததை நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று கொடுத்து இன்ஸ்டால் செய்துவிட்டான். மறுநாள் காலையில் குரோமைத் திறந்தால் கூகுள் இல்லை, வேறு ஏதோ ஒரு தேடல் பக்கம். எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பார்த்தேன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை செய்யும் சின்ன சாஃப்ட்வேர்தான் எக்ஸ்டென்ஷன். தெரியாத ஒன்று இருந்தது. நீக்கினேன். சரியானது. அடுத்த நாள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மறுபடியும் இருக்கிறது. மூன்று நாள் நீக்கினேன், மூன்று நாளும் திரும்பி வந்தது.

அன்றைக்குத்தான் வரிசை முக்கியம் என்று கற்றுக்கொண்டேன். பிரவுசரில் தெரிவது கிளைதான். வேர் விண்டோஸுக்குள் ஒரு புரோகிராமாக உட்கார்ந்திருக்கும். கிளையை வெட்டினால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது புதிதாகத் துளிர்க்கும். அதனால் முதலில் புரோகிராம், அப்புறம் எக்ஸ்டென்ஷன், கடைசியில் தேடுபொறி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் போங்கள். விண்டோஸ் 10-ல் இதற்கு ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் என்று பேர். பட்டியலைப் பேர் வரிசையில் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, எல்லாப் பேரும் நல்ல பேராகவே தெரியும். இன்ஸ்டால் செய்த தேதி வாரியாக அடுக்கச் சொல்லுங்கள். என் கம்ப்யூட்டரில் அப்படி அடுக்கியதும் மேலேயே அப்பட்டமாக நின்றது: பயோடேட்டா மாற்றின அதே தேதியில் மூன்று புரோகிராம். ஒன்று நாங்கள் கேட்ட கன்வெர்ட்டர். இன்னொன்று வானிலை காட்டுவது. மூன்றாவது ஏதோ ஒரு பிரவுசர். ஒன்றைக் கேட்டோம், மூன்று வந்திருக்கிறது. மூன்றையும் அன்இன்ஸ்டால் செய்தேன். அப்போது, போகாதீர்கள், சலுகை தருகிறோம் என்று ஒரு பெட்டி வரும். அதில் பெரிய பச்சைப் பட்டன் வைத்துக்கொள்ளச் சொல்வதாகவும், நீக்குவது கீழே சின்ன எழுத்தாகவும் இருக்கும். படித்துவிட்டு அழுத்துங்கள்.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பகுதியில் கம்ப்யூட்டரோடு தானாக எழும்புபவை இருக்கும். இப்போது நீக்கிய மூன்றின் பேர் ஏதாவது மிச்சம் இருந்தால் டிசேபிள் செய்யுங்கள். டாஸ்க் ஷெட்யூலர் என்று இன்னொன்று உண்டு, ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். இந்த நேரத்துக்கு இதை ஓட்டு என்று குறித்து வைக்கிற இடம் அது. என் கம்ப்யூட்டரில் அந்த வானிலை புரோகிராமின் பேரில் ஒரு குறிப்பு அங்கே ஒளிந்திருந்தது, லாகின் ஆனதும் ஓட வேண்டும் என்று. மூன்று நாளும் திரும்பி வந்ததற்குக் காரணம் அதுதான். அங்கே விண்டோஸுக்குச் சொந்தமானவையும் நிறைய இருக்கும். தெரியாத பேர் என்பதற்காக எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். நீங்கள் நீக்கிய புரோகிராமின் பேர் இருப்பதை மட்டும் தொடுங்கள்.

இப்போது எக்ஸ்டென்ஷன். குரோமில் முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் புதிர்த் துண்டு மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்தி மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போங்கள். எது திருடன் என்று தெரியவில்லை என்றால் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, தொல்லை நின்றதா என்று பாருங்கள். நின்றால் ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். எதை ஆன் செய்ததும் தொல்லை திரும்புகிறதோ அதுதான். பழகின எக்ஸ்டென்ஷன் என்று எதையும் விட்டுவிடாதீர்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. திறந்து வைத்து மறந்த டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும். சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள், நல்ல பேர் எடுத்ததுதான். 2020-ல் அதை உருவாக்கியவர் வேறு ஆட்களிடம் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில் அதில் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் சாஃப்ட்வேர், இருப்பதாகச் சொல்லி கூகுளே தூக்கிவிட்டது. நேற்று வரை நல்லவனாக இருந்த எக்ஸ்டென்ஷன் இன்று இன்னொருவன் கையில் இருக்கலாம். அதனால் தேவையில்லாத ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்வதில்லை.

சில சமயம் ரிமூவ் பட்டனே இருக்காது. மூன்று புள்ளி மெனுவின் அடியில், உங்கள் நிறுவனம் இந்த பிரவுசரை நிர்வகிக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தெரியும். அது ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் நியாயம்தான், கை வைக்காதீர்கள், ஆபீஸ் ஐடி ஆளிடம் சொல்லுங்கள். சில ஆன்டிவைரஸ்களும் இப்படி ஒரு வரியைக் கொண்டுவரும். ஆனால் இரண்டும் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில், நீக்க முடியாத எக்ஸ்டென்ஷனோடு சேர்ந்து அந்த வரியும் வந்தால், ஹைஜாக்கர் உங்கள் கம்ப்யூட்டருக்கு முதலாளி போல ஒரு பாலிசி, அதாவது நாம் மாற்ற முடியாத ஒரு கட்டளை, எழுதி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் இடமான ரெஜிஸ்ட்ரிக்குள் போய்க் கையால் அழிக்கலாம். ஆனால் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கிறது. இலவசம். இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம், டபுள் கிளிக் செய்தால் ஓடும். ஸ்கேன் செய்து, கிடைத்ததைக் குவாரன்டைன் செய்யுங்கள், அதாவது ஓட முடியாதபடி தனியாக அடைத்து வையுங்கள். குரோம் பாலிசியைத் துடைக்கும் வசதியும் அதன் செட்டிங்ஸிலேயே உண்டு. அதை மால்வேர்பைட்ஸின் சொந்த வெப்சைட்டில் மட்டும் எடுங்கள். தேடினால் அதே பேரில் போலிகளும் வரும். குரோமுக்குள்ளேயே ஒரு கிளீனர் இருக்கிறது என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். அதை கூகுள் 2023-ல் எடுத்துவிட்டது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தேடுபொறி, ஸ்டார்ட்அப் பக்கம், ஹோம் பட்டன் மூன்றும் செட்டிங்ஸில் தனித்தனியாக இருக்கும். மூன்றையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குரோமைத் திறந்தவுடன் அந்தப் பக்கமே வருகிறதா? டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். டார்கெட் என்ற கட்டத்தில் உள்ள வரி குரோம்.இஎக்ஸ்இ என்பதோடும் மேற்கோள் குறியோடும் முடியும். அதற்குப் பின்னால் ஒரு வெப்சைட் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். கீழே டாஸ்க்பாரில் உள்ள ஐகானுக்கும் தனியாக இப்படிப் பார்க்க வேண்டும். பல பேர் இதை விட்டுவிடுவார்கள்.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் குரோம் செட்டிங்ஸில் ரீசெட் கொடுக்கலாம். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு எதுவும் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் ஆஃப் ஆகும், தேடுபொறியும் ஸ்டார்ட்அப் பக்கமும் பழையபடி ஆகும், குக்கீயும் அழிவதால் சைட்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும். எல்லாம் செய்தும் ஒரே எக்ஸ்டென்ஷன் திரும்பத் திரும்ப வந்தால், அதே கூகுள் கணக்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து சிங்க் வழியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரே கணக்கில் உள்ள கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஒரே மாதிரி வைத்துக்கொள்வதுதான் சிங்க். என் கடையில் மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே கணக்கு. ஒன்றில் வந்தது மூன்றிலும் வந்துவிட்டது. சிங்க்கை நிறுத்திவிட்டு மூன்றையும் சுத்தம் செய்த பிறகுதான் ஓய்ந்தது.

கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டி. அதில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் என்ற இடத்தில், ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் செட்டிங்ஸுக்குள், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வைரஸ் ஸ்கேன் பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்னால் தேடும். கால் மணி நேரம் ஆகும். திறந்து வைத்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுக் கொடுங்கள்.

இனி வராமல் இருக்க என்ன செய்வது? எங்கள் கடையில் ஒரு பழக்கத்தை மாற்றினோம். அரசாங்க வேலைக்கும் பணம் கட்டுவதற்கும் கூகுளில் தேடிப் போவதில்லை. ரயில்வே, பான், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றின் சரியான முகவரியையும் புக்மார்க்கில் வைத்திருக்கிறோம். இதற்குக் காரணமும் அந்த ஹைஜாக்கர் இருந்த மூன்று நாள்தான். ஊரில் கோயில் கொடை என்று ஒரு அண்ணாச்சி தத்கால் எடுக்க வந்திருந்தார். 11 மணிக்கு ஸ்லீப்பர் திறக்கும், எல்லாருக்கும் அவசரம். அவரே உட்கார்ந்து ரயில் டிக்கெட் என்று தட்டியிருக்கிறார். வந்த முதல் சைட் ரயில்வே சைட் மாதிரியே நிறம், அதே மாதிரி படம். கார்டு நம்பர் போடும் கட்டம் வரைக்கும் போய்விட்டார். கட்டணம் வழக்கத்தை விட அதிகமாகத் தெரிந்து என்னைக் கூப்பிட்டதால் தப்பினார். அன்றைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, ஆனால் பணம் தப்பியது. தேடுபொறியை மாற்றுவது வெறும் தொல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதே அவர்கள் கையில் போய்விடுகிறது என்று அன்றுதான் உறைத்தது.

சாஃப்ட்வேர் எடுப்பதானால் அதை உருவாக்கியவர்களின் வெப்சைட்டிலோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலோ எடுங்கள். தேடலில் ஸ்பான்சர்டு என்று போட்டு மேலே வருவதை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். இன்ஸ்டால் செய்யும்போது கஸ்டம் அல்லது அட்வான்ஸ்டு என்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கூடவே வருவதற்கான டிக் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த, கிராக் போட்ட சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். அதைப் போடும்போது ஆன்டிவைரஸை ஆஃப் செய் என்பார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனைத் திட்டிப் பயனில்லை. விளம்பரத்தைத் தடுக்க யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் நல்லது. ஃபயர்பாக்ஸில் முழுதாக வேலை செய்யும். குரோமில் இப்போது யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சின்ன வடிவம்தான் ஓடும், அதுவும் போதும்.

திரை முழுக்க சிவப்பாகி, சைரன் சத்தம் போட்டு, மைக்ரோசாஃப்ட்டைக் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் வந்தால் பயப்படாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் வராது. எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள், மூட முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய டேப்களைத் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்துங்கள், அப்புறம் கன்ட்ரோலும் வி எழுத்தும், அப்புறம் என்டர் என்று ஒரு பக்கம் சொல்லும். 2024-லிருந்து இது பரவியிருக்கிறது. இது விளம்பரத் தொல்லை மாதிரி இல்லை. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்ட வைக்கிறார்கள். பாஸ்வேர்டு திருடும் புரோகிராம் உள்ளே இறங்கிவிடும். எந்த உண்மையான சைட்டும் இப்படிக் கேட்காது.

அப்படி ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், மேலே நான் சொன்ன எதுவும் போதாது. அந்தக் கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான போனிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயிலில் மற்ற எல்லா இடத்திலிருந்தும் லாக்அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டு உட்காராமல் சைபர் மோசடிப் புகாருக்கான அரசாங்க எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. இந்த ஒரு கேஸில் மட்டும் ஃபார்மேட் போடுங்கள் என்று நானே சொல்வேன், ஃபோட்டோவையும் ப்ராஜெக்டையும் பென்டிரைவில் எடுத்து வைத்த பிறகு.